ஏரிக்கரையும் பனங்காடும்

கோடை விடுமுறை வந்துவிட்டால், மேனாடுகளில் குடியேறிய நம் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏதேனும் ஓர் ஏரிக்கரைக்குச் செல்வது வழக்கமாகிவிட்டது. அவ்வாறே சென்ற ஆண்டு நாங்களும் சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா ஏரியின் வடகரையிலுள்ள லாவோ என்னும் பகுதியைக் காணச் சென்றோம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுக்கு, ஏரியை நோக்கிச் சரியும் மலைச்சாரல் முழுவதும் கற்சுவர் எழுப்பிப் படிப்படியாகத் திருத்திய திராட்சைத் தோட்டங்களைக் கண்டோம். பதினோராம் நூற்றாண்டு முதலாகத் துறவியர் மடங்கள் தொடங்கிவைத்த தோட்டங்கள் அவை. 2007-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அந்நிலத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. தங்கள் கொடிகளுக்கு மூன்று ஞாயிறுகள் ஒளி தருவதாக அங்குள்ளோர் கூறுவர். வானத்து ஞாயிறு ஒன்று. ஏரிநீரில் பட்டுத் திரும்பும் ஒளி இரண்டாவது. பகலெல்லாம் வெயிலை உண்டு இரவில் வெப்பத்தை உமிழும் கற்சுவர் மூன்றாவது.

அங்கே திராட்சை மது வடிக்கும் முதியவர் ஒருவர் எங்களைத் தம் நிலவறைக்கு அழைத்துச் சென்றார். பெரிய மரப் பீப்பாய்களைக் காட்டுவதற்கு முன்பாகவே, சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய நிழற்படத்தை அவர் காட்டினார். முதுகில் கூடை சுமந்து நிற்கும் அவருடைய பாட்டனாரின் படம் அது. அருகிலுள்ள வெவே என்னும் நகரில் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை நடைபெறும் பெருவிழாவைப் பற்றியும் பெருமையுடன் சொன்னார். 1797-ஆம் ஆண்டில் தொடங்கி, கடைசியாக 2019-இல் நிகழ்ந்த அவ்விழாவில், தோட்டத்தை நன்கு பேணிய தொழிலாளருக்கு ஊரறிய முடி சூட்டுகிறார்களாம். நிலத்துக்கு உடையவருக்கு அன்று. கொடிக்குக் கவாத்து செய்து, மண்ணைச் சுமந்து உழைத்த தொழிலாளிக்கே முடி!

அப்போது அம்முதியவர் எங்களைப் பார்த்து, இயல்பாகவே ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் பாட்டனார் என்ன தொழில் செய்தார்?"

"விவசாயி" என்றோம்.

அது முழுப் பொய்யன்று, உண்மையும் அன்று. எங்கள் பாட்டனார் பனையேறி. பாறசாலைக்கு அருகில் எல்லையோரச் சிற்றூர் ஒன்றில், விடியுமுன் எழுந்து பனையேறிப் பதநீர் இறக்கி, அதனால் ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அந்நாள்வரை இது தெரியாது. நாங்கள் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று அன்றிரவு எங்களை நாங்களே கேட்டுக்கொண்டபோது, தலை நிமிர்ந்து கூறத்தக்க விடை கிடைக்கவில்லை. எனவே, இவ்வாண்டு மாசி மாதத்தில் ஊருக்குச் செல்லும் வாய்ப்பு வந்தபோது, பிள்ளைகளை நம் ஏரிக்கரைக்கும் அழைத்துச் செல்வது என்று உறுதி செய்தோம்.

கள்ளிக்காடு

திருவனந்தபுரத்திலிருந்து காட்டாக்கடை வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் கள்ளிக்காடு. பெயரைக் கேட்டவுடன் மூத்த பிள்ளை, "கள் இறக்கும் காடா?" என்று வினவினான். அன்று, கள்ளிச்செடி மண்டிய காடு என்பதே அப்பெயரின் நேர்ப்பொருள் என்று விளக்கினோம். அகத்தியர்கூட மலையில் பிறந்து வரும் நெய்யாற்றை இங்கே குறுக்கே மறித்து அணை கட்டியிருக்கிறார்கள். 1958-இல் முடிக்கப்பெற்ற அணை அது. அணைக்குப் பின்னே மலைகளின் மடிப்புக்குள் புகுந்து புகுந்து கிடக்கும் நீர்ப்பரப்பு, காலை நேரத்தில் ஜெனீவா ஏரிக்கு எவ்வகையிலும் இளைத்ததாகத் தோன்றவில்லை. வடகிழக்கே 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் நீல நிறமாக நின்றது.

ஆனால், ஏரியைச் சுற்றிய சரிவுகளில் நாங்கள் கண்டது பெரும்பாலும் இரப்பர் மரமே. ஒரே உயரம், ஒரே நிழல், ஒரே வரிசை. எங்கள் இளமையில் பேருந்தின் சாளரத்தினூடே எண்ணிக்கொண்டு சென்ற பனைகள் எங்கே என்று தேடினோம். ஒற்றசேகரமங்கலம் கடந்து நெய்யாற்றின்கரைப் பக்கமாக இறங்கிய பின்னரே, வயல் வரப்பிலும் தோட்ட வேலியிலும் ஒன்றும் இரண்டுமாகப் பனைகள் தென்படலாயின. அமரவிளை தாண்டிப் பாறசாலையை நெருங்கியபோதுதான் சிறு கூட்டமாக அவற்றைக் கண்டோம். இன்னும் சிறிது தெற்கே சென்றால் களியக்காவிளை. அத்துடன் கேரளம் முடிந்து தமிழகம் தொடங்குகிறது.

இவ்வெல்லைக்கு அகவை மிகுதியில்லை. திருவிதாங்கூர் நாட்டின் தென்பகுதி முழுவதும் ஒன்றாக இருந்ததே. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. தமிழர் தலைவர்கள் கேட்ட பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. இதனால் பாறசாலைப் பனைக்கும் விளவங்கோட்டுப் பனைக்கும் இடையே மாநில எல்லை வந்தது. இக்கோட்டினால் மரத்திலிருந்து இறங்கும் ஒரு கலயத்துக்கே இருவேறு விதி நேர்ந்தது எவ்வாறு என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

விடியற்காலையில்

உறவினர் ஒருவர் எங்களுக்கு ஒரு பனையேறியை அறிமுகம் செய்துவைத்தார். அறுபது வயதைக் கடந்தவர், மெலிந்த உடல், ஆனால் முறுக்கிய கயிறு போன்ற தசை. அவரை நாங்கள் அண்ணன் என்றே அழைத்தோம். நாலரை மணிக்கு வந்துவிட வேண்டும் என்று அவர் முதல் நாளே கூறியிருந்தார். பிள்ளைகள் இருவரும் உறக்கம் கலையாத கண்களுடன் எங்கள் பின்னே நடந்து வந்தனர்.

அவருடைய கருவிகள் சில. மரத்தின் அடியில் சாய்த்து முதற் சில அடிகளை ஏறுவதற்கு ஒரு முருக்குத்தடி. கால்களைப் பிணைத்துக்கொள்ள நாரினால் முறுக்கிய தளை. மார்புக்கு ஒரு தோற்கவசம். இடையில் தொங்கும் பெட்டிக்குள் பாளை சீவும் அரிவாள், பாளையை நசுக்கும் மர இடுக்கி, சிறிது சுண்ணாம்பு. இவையன்றி, இறக்கிய பதநீரைக் கொண்டுவர ஒரு குடுவை. அவ்வளவே. இருளில் அவர் பனையை அணைத்துக்கொண்டார். கைகள் மேலே நகர, பிணைத்த கால்கள் பின்தொடர்ந்தன. நாங்கள் இருபது எண்ணுவதற்குள் அவர் ஓலைகளுக்குள் மறைந்துவிட்டார்.

மேலே அவர் செய்யும் வேலையைக் கீழிருந்து காண இயலாது. இறங்கி வந்த பின்னர் அவரே விளக்கினார். பனையில் ஆணும் பெண்ணும் வேறு வேறு மரங்கள். ஆணை அலகுப் பனை என்றும் பெண்ணைப் பருவப் பனை என்றும் வழங்குவர். நட்ட நாள் முதல் பாளை விடும்வரை, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், அது ஆணா பெண்ணா என்று எவராலும் கூற முடியாது. இரண்டிலும் பதநீர் கிடைக்கும். ஆனால் பாளையைப் பக்குவப்படுத்தும் முறை வெவ்வேறு. விரியாத பாளையை இடுக்கியால் நாள்தோறும் மெல்ல நசுக்க வேண்டும். மிகுதியாக நசுக்கினால் பாளை அழுகிவிடும். குறைவாக நசுக்கினால் நீர் சுரக்காது. சில நாள் சென்றபின் நுனியைச் சீவத் தொடங்க வேண்டும். சீவும் கனம் காகிதத்தின் அளவே. அதற்குமேல் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துபோகும்.

"இதுக்குப் பள்ளிக்கூடம் இல்ல தம்பி. கை சொல்லும், அதக் கேக்கணும்" என்றார் அவர்.

லாவோ முதியவர் திராட்சைக்குக் கவாத்து செய்யும்போது எந்தக் கணுவில் வெட்டுவது என்பதைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. எனினும் இருவருக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. திராட்சையின் அறுவடை அங்கே ஆண்டுக்கு ஒருமுறை. அது முடிந்தால் தோட்டக்காரர் மூச்சு விடலாம். பனையோ ஓய்வு தராது. பருவம் தொடங்கிவிட்டால் காலையிலும் மாலையிலும் ஏறியே தீர வேண்டும். காய்ச்சல் என்றோ, திருமணம் என்றோ இரண்டு மூன்று நாள் ஏறாமல் இருந்துவிட்டால் பாளை காய்ந்துவிடும். பல நாள் உழைப்பும் அதனுடன் போய்விடும்.

நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். சராசரி ஐம்பதடி உயரமுள்ள முப்பது பனைகளை ஒருவர் நாளுக்கு இருமுறை ஏறினால், அவர் ஏறும் உயரம் 3000 அடி. இரண்டு நாளில் 6000 அடி. அகத்தியர்கூடத்தின் உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6100 அடி. ஆகவே பனையேறி ஒருவர் இரு நாளுக்கு ஒருமுறை, கடற்கரையிலிருந்து அம்மலையின் உச்சிக்கு ஏறி இறங்கியவர் ஆகிறார். அதுவும் படியும் பாதையும் இல்லாமல். இதனைக் கேட்ட எங்கள் மகள் அண்ணனின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்காலிலும் மார்பிலும் தோல் மரப்பட்டை போலக் காய்த்திருந்தது.

சுண்ணாம்பின் இருபுறம்

கீழே இறங்கியதும் அவர் பனையோலையை மடித்துப் பட்டை செய்து, எங்கள் ஒவ்வொருவருக்கும் பதநீர் வார்த்தார். அவ்வூரில் அதற்கு அக்கானி என்று பெயர். "குடிங்க மக்களே, வெயில் ஏறினா இந்த ருசி இருக்காது" என்று பிள்ளைகளை வற்புறுத்தினார். குளிர்ந்து, இனித்து, ஓலையின் மணமும் சுண்ணாம்பின் சிறு காரமும் கலந்து இருந்தது.

"இதுதான் கள்ளா?" என்று மகன் கேட்டான். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இவ்வையம் எழுவது இயற்கையே. ஆகவே அதனை இங்கே சற்று விரித்துரைக்கலாம்.

பனையின் பாளையிலிருந்து சொட்டுவது வெறும் இனிப்பு நீர். நூற்றில் பத்துப் பன்னிரண்டு பங்கு அதில் சர்க்கரை உண்டு. காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் வாழும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையை உண்டு சாராயப் பொருளாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. திராட்சைச் சாறு மதுவாவதும் இவ்வாறே. இது உயிருள்ள நுண்பொருள்களின் செயல் என்பதை பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நிறுவிக் காட்டினார். திராட்சைச் சாறு பல நாள் நொதித்து மதுவாகும். வெப்ப நாட்டுப் பனைநீரோ ஒரே இரவில் பொங்கிப் புளித்துக் கள்ளாகிவிடும்.

இதனைத் தடுப்பதற்கு நம் முன்னோர் கண்ட வழி மிக எளியது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டினால், அந்தக் காரத்தில் ஈஸ்ட் பெருக இயலாது. நீர் இனிப்பாகவே நிற்கும். தடவினால் பதநீர், தடவாவிடில் கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கை. இடையில் நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு!

இப்போது எல்லைக் கோட்டுக்கு வருவோம். களியக்காவிளைக்கு வடக்கே, சுண்ணாம்பு தடவாத கலயத்தின் நீர் உரிமம் பெற்ற கடைகளில் சட்டப்படி விற்கப்படும் பொருள். கேரளம் 1996-ஆம் ஆண்டில் சாராயத்தைத் தடை செய்தபோதும் கள்ளை விட்டுவைத்தது. தெற்கே தமிழகத்தில் 1987-ஆம் ஆண்டு முதல் கள் இறக்குவது குற்றம். பதநீர் மட்டுமே இறக்கலாம். இரண்டினுள் எது நன்று என்று வழக்காட இங்கே நாம் முற்படவில்லை. குடியினால் அழிந்த குடும்பங்களை இரு பக்கத்தினரும் அறிவர். எங்கள் பாட்டனார் பதநீர் மட்டுமே இறக்கியவர் என்று எங்கள் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் ஊரார் அவரைக் கள்ளிறக்குபவர் என்றே இகழ்ந்தார்களாம். அவர்கள் கண்ட வேற்றுமை சுண்ணாம்பில் இல்லை. ஏறுகின்றவரின் பிறப்பில் இருந்தது.

அடுப்படியில்

ஏறுவது பாதி வேலைதான். மறுபாதி பெண்களுடையது. வீட்டின் பின்புறம் ஓலைக்கொட்டகையில் அண்ணனின் மனைவியார் அடுப்பு மூட்டிக் காத்திருந்தார். காய்ந்த பனையோலையும் மட்டையுமே எரிபொருள். பதநீரை வடிகட்டி அகன்ற பாத்திரத்தில் ஊற்றினார். அது கொதித்துப் பொன்னிறம் பெற்று, பின்னர்ச் செந்நிறமாகி, நுரை பொங்கி மேலெழுந்தது. வழிந்துவிடாதிருக்க ஆமணக்கு விதையை நசுக்கிச் சிறிது இட்டார், நுரை அடங்கியது. மூன்று மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் புகையில் நின்று துடுப்பால் கிளறிக்கொண்டே இருந்தார்.

"பதம் எப்படித் தெரியும், அக்கா?" என்று கேட்டோம்.

பாகில் ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டுக் காட்டினார். கரையாமல் உருண்டது. உடனே இறக்கி, வரிசையாக அடுக்கியிருந்த தேங்காய்ச் சிரட்டைகளில் வார்த்தார். ஆறியபின் கவிழ்த்துத் தட்டியபோது, அரைவட்டக் கருப்பட்டிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் கருப்பட்டிக்கு அவ்வுருவம் வந்த காரணம் இச்சிரட்டையே என்பதைப் பிள்ளைகள் அன்றுதான் அறிந்தனர்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கருப்பட்டியில் கரும்புச் சர்க்கரை கலந்திருப்பதேன் என்பது இக்கணக்கிலிருந்தே விளங்கும். உண்மையான பொருளுக்கு உரிய விலை கொடுப்பாரில்லை. ஆகவே பொய்யான பொருள் அதன் பெயரில் உலவுகிறது. அக்கா கூறியதும் அதுவே: "கலப்படம் பண்றவனுக்கும் எனக்கும் ஒரே விலை கொடுத்தா, நான் எதுக்குத் தம்பி மூணு மணி நேரம் புகையில நிக்கணும்?"

பனையும் மானமும்

இத்தொழிலின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் பதநீரை மட்டும் ஊட்டிவிட்டு வருவது நேர்மையாகாது என்று கருதினோம். அன்று பகலில் எங்கள் பழைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொன்னோம்.

முற்காலத் திருவிதாங்கூரில் பனையேறிகளின் மீது விதிக்கப்பட்ட வரிகள் பல. ஏறுவதற்குப் பயன்படும் ஏணிக்கு ஏணிக்காணம். காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம். உழைப்பதற்கான கருவியைக் கையில் எடுத்த குற்றத்துக்கே தண்டம்! இச்சமூகத்துப் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்னும் கொடிய வழக்கமும் இருந்தது. அதனை எதிர்த்து 1822 முதல் பல கட்டங்களாக அவர்கள் போராடினார்கள், அடிபட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன. முடிவில் 1859-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளியான அரசாணையால் மார்பை மறைக்கும் உரிமை கிடைத்தது. அதுவும் உயர்ந்தோர் எனப்பட்டவர்களின் உடை முறையைப் பின்பற்றக் கூடாது என்னும் கட்டுப்பாட்டுடன்.

அதே நூற்றாண்டில் இலண்டன் மிஷன் சங்கத்தார் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பாறசாலையிலும் பள்ளிகளை நிறுவினார்கள். பனையேறிகளின் பிள்ளைகள் அவற்றில் எழுத்துக் கற்றார்கள். இருபதாம் நூற்றாண்டில், 1920-களில், ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பாகக் கிராமச் சீரமைப்பு நிலையம் ஒன்றை நடத்தினார். தேனீ வளர்ப்பும் முட்டை விற்பனையும் கருப்பட்டித் தொழிலும் அங்கே கூட்டுறவு முறையில் செம்மை பெற்றன. நல்ல பொருளைத் தூய்மையாகச் செய்து, இடைத்தரகரைத் தவிர்த்து விற்றால் ஏழையும் தன் காலில் நிற்கலாம் என்பதை அந்நிலையம் காட்டியது.

பனை கொடுத்த காசில் கட்டணம் கட்டிப் படித்தவர்களே ஆசிரியரானார்கள், எழுத்தரானார்கள், கடல் கடந்தார்கள். எங்கள் தந்தையாரின் பள்ளிப் புத்தகங்கள் கருப்பட்டி விற்ற காசில் வாங்கப்பட்டவை. இன்று நாம் வெளிநாட்டில் அமர்ந்து படிக்கும் இவ்விதழுக்கும் அந்தப் பனைக்கும் உள்ள தொலைவு, இரண்டு தலைமுறையே.

பதினொரு பனைகள்

இனி, எழுதுவதற்குக் கூச்சமாக இருப்பினும் எழுதியே ஆக வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

எங்கள் பழைய வீட்டு நிலத்தில் பதினொரு பனைகள் நிற்கின்றன. அவற்றைச் செங்கல் சூளைக்கு விறகாக விற்றுவிடுமாறு தரகர் ஒருவர் கேட்பதாக, ஊரிலிருக்கும் சிற்றப்பா மகன் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே தொலைபேசியில் தெரிவித்திருந்தார். ஏறுவாரில்லை, ஓலை விழுந்து ஓடு உடைகிறது, காலியான நிலத்துக்கு விலையும் கூடும் என்றார். "உன் விருப்பம் போலச் செய்" என்று ஒரே சொல்லில் நாங்கள் இசைந்துவிட்டோம். லாவோவில் ஒருவருடைய பாட்டனாரின் படத்தைக் கண்டு உள்ளம் உருகிய நாங்கள், எங்கள் பாட்டனார் ஏறிய மரங்களை ஒரு நொடியில் விற்றிருந்தோம். மரங்களின் அடியில் தரகர் இட்ட சுண்ணாம்புக் குறியைக் கண்டபோதுதான் செய்த செயலின் தன்மை உறைத்தது.

அண்ணனிடம் இதைச் சொன்னோம். அவர் சினங்கொள்ளவில்லை. "எல்லாரும் விக்காங்க தம்பி. நீங்க மட்டும் வச்சிருந்து என்ன செய்ய?" என்று கேட்டார். அவருக்கு ஒரே மகன். வளைகுடா நாட்டில் மின்வேலை செய்கிறார். மகனுக்குத் தொழிலைக் கற்பித்தீர்களா என்று வினவினோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அவன் ஏறக்கூடாதுன்னுதான் நான் ஏறினேன்" என்றார். பின்பு எங்களை நேராகப் பார்த்து, "நீங்க உங்க பிள்ளைய ஏற விடுவியளா?" என்று கேட்டார்.

இக்கேள்விக்கு நாங்கள் விடை கூறவில்லை. கூற முடியவில்லை. இத்தொழிலில் தவறி விழுந்து இறந்தோரும் முதுகெலும்பு முறிந்து படுக்கையானோரும் ஊருக்கு ஊர் உண்டு. பாதுகாப்பான ஊரில் இருந்துகொண்டு, "பண்டைத் தொழிலை விட்டுவிடாதீர்கள்" என்று பிறருக்கு அறிவுரை கூறுவதற்கு நமக்கு உரிமையில்லை. பிள்ளைகள் பனையை விட்டு இறங்கியது வீழ்ச்சியன்று, அது உயர்வே. அவ்வுயர்வுக்காகத்தான் எங்கள் பாட்டனாரும் ஏறினார்.

ஆயினும், ஏறுவோர் குறைந்தால் பனையும் அழிய வேண்டும் என்பதில்லை. இழிவும் வறுமையும் உயிருக்கு அஞ்சும் நிலையும் நீங்குமாயின், விரும்பி ஏறும் இளைஞர் சிலரேனும் வருவர். கேரள அரசு 1985-ஆம் ஆண்டில் பனைப் பொருள் வளர்ச்சிக்கும் பனைத் தொழிலாளர் நலத்துக்குமென ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. தமிழகம் 2021-ஆம் ஆண்டின் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகளை வழங்கத் திட்டமிட்டதுடன், பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தது. 2023-இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை நற்செய்திகள். ஆனால் இன்று இடும் விதை பாளை விடுவதற்குள் இன்று பிறக்கும் குழந்தை பள்ளியில் மேல்வகுப்புக்கு வந்துவிடும். ஆகவே நிற்கும் பனையை நிற்க விடுவதே முதற்பணி.

அந்த நிற்கும் பனைகளில் எத்தனையோ நம்முடையவை. வெளிநாட்டில் வாழும் நம் பெயரில், ஊரில் பூட்டிய வீடும் கால் ஏக்கர் நிலமும் அதில் ஐந்தாறு பனையும் இருக்கின்றன. அவற்றின் வாழ்வும் சாவும் நாம் தொலைபேசியில் கூறும் ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

நாங்கள் தரகரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் முகம் கோணினார். சிற்றப்பா மகனும் சிறிது வருந்தினார். பதினொரு பனைகளையும் அண்ணனுக்கே ஏறக் கொடுத்தோம்; பாட்டம் வேண்டா, ஓட்டின் மீது விழாமல் ஓலையை வெட்டித் தந்தால் போதும் என்றோம். அவர் வடிக்கும் கருப்பட்டியில் ஒரு பங்கை எங்கள் சங்கத்துக் குடும்பங்கள் சில, அக்கா சொல்லும் விலைக்கே வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு செய்திருக்கிறோம். அவர் இன்னும் எத்தனை ஆண்டு ஏறுவார் என்பதை நாங்கள் அறியோம். அதன்பின் ஏற ஒருவரும் வாராவிட்டாலும், நுங்குக்கும் கிழங்குக்கும் பறவைக்கும் அம்மரங்கள் நிற்கட்டும்.

அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் மூன்று. ஊரில் உள்ள உங்கள் பனைகளை விற்கச் சொல்லுமுன் ஒருநாள் பொறுத்துச் சிந்தியுங்கள். கருப்பட்டி வாங்கும்போது விலை குறைந்த இடத்தைத் தேடாமல், காய்ச்சியவர் யார் என்று கேட்டு வாங்குங்கள். மூன்றாவதே முதன்மையானது: உங்கள் முன்னோர் செய்த தொழில் எதுவாயினும் அதனைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்.

புறப்படும் நாள் காலையில் அண்ணன் எங்கள் நிலத்துப் பனை ஒன்றில் முதன்முறையாக ஏறினார். எங்கள் மகன் கீழே நின்று அவரைப் படம் எடுத்தான். பாட்டனாருக்கு நிழற்படம் ஏதுமில்லை. அக்காலத்தில் பனையேறியைப் படம் எடுப்பார் யார்? எனவே அண்ணனின் இசைவு பெற்று, அப்படத்தையே பெரிதாக்கி எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வருகின்ற விருந்தினர் அது யார் என்று கேட்கிறார்கள். "எங்கள் பாட்டனாரின் தொழிலைச் செய்பவர்" என்று பிள்ளைகளே விடை கூறுகிறார்கள்.